பாறை வளைவுக்கு ஒரு கொடி ஆள்

மார்ச் 4

தங்கச்சி,

என் நம்பரை நீ பிளாக் பண்ணிட்டதால காகிதத்தைக் கையில எடுத்திருக்கேன். கடைசியா நான் பேனா பிடிச்சு இவ்வளவு எழுதினது பள்ளிக்கூடத்துல, அதுவும் தண்டனையா. இப்பவும் கிட்டத்தட்ட அப்படித்தான். உன் அண்ணி எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு, முதல்ல மன்னிப்பு கேளுங்கன்னு சொல்றா.

சரி, கேட்டுக்கறேன். உன் வாசல்ல நின்னு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அக்கம்பக்கத்துல எல்லாரும் ஜன்னலைத் திறந்து பார்த்தாங்க. ஆனா கத்தின விஷயம் தப்புன்னு என் வாயால வராது. உன் புருஷன், என் மச்சான், என் கூடவே இத்தனை வருஷம் தார் போட்டவன், சத்தமே இல்லாம வந்த மின்சாரக் கார் இடிச்சுச் செத்தான். அதுக்கு வந்த நஷ்டஈட்டுல அதே மாதிரி ஒரு காரை வாங்கி வாசல்ல நிறுத்தியிருக்கே. அவன் சட்டை மாட்டுற ஆணியில சார்ஜ் வயரைச் சுத்தி மாட்டி வச்சிருக்கே. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியல.

அதோட போயிருந்தா நானே ஆறியிருப்பேன். போன வாரம் எங்க சாலைப் பராமரிப்பு ஆபீஸ் பலகையில ஒரு மனு ஒட்டினாங்க. மின்சாரக் கார்க்காரங்க மேல ரோட்டுக்காகத் தனி வரி போடக் கூடாதுன்னு உங்க கார்க்காரங்க சங்கம் குடுத்தது. முதல் வரிசையிலேயே உன் கையெழுத்து. ரோலர் ஓட்டுறவன், நாங்க 'கண்ணாடி'ன்னு கூப்பிடுறவன்தான் எனக்குக் காட்டினான். காட்டிட்டு என் முகத்தைப் பார்க்காம போயிட்டான்.

உனக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். பெட்ரோல் போடுறவன் ஒவ்வொரு லிட்டருக்கும் ரோட்டுக்குன்னு கொஞ்சம் குடுத்துட்டுப் போறான். அதுலதான் எங்க சம்பளம், தார், ஜல்லி எல்லாம். உங்க வண்டிக்குப் பெட்ரோலும் வேண்டாம், பேட்டரி கனத்துல ரோட்டையும் அமுக்கும். வருமானம் வத்திப் போச்சுன்னு எங்க கேங்ல முதல்ல எடுத்தது கொடி ஆள் வேலையைத்தான். வளைவுல நின்னு சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துற வேலை. மச்சான் வேலை. அதை எடுத்துட்டு அவன் கையில மண்வெட்டியைக் குடுத்தாங்க. அவன் மனசு கேக்காம கொடியை இடுப்புல செருகிக்கிட்டு, கொஞ்ச நேரம் கொடி, கொஞ்ச நேரம் மண்வெட்டின்னு ரெண்டையும் பார்த்தான். குனிஞ்சு குழியை அடைக்கிற நேரத்துல அந்தக் கார் வந்துச்சு. ஓட்டி வந்தவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. பாறை மறைக்குது, அவருக்கும் தெரியல, எங்களுக்கும் கேக்கல.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஏப்ரல் 22. அதுக்குள்ள கையெழுத்தை வாபஸ் வாங்கிடு. இன்னும் அஞ்சு பேர் அதே வளைவுல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறோம்.

வேற ஒண்ணும் அங்க நடக்குது. எழுத ஆரம்பிச்சு அடிச்சுட்டேன். வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. மன்னிப்பா ஆரம்பிச்சு குற்றப்பத்திரிகையா முடிஞ்சிருக்கு. அண்ணி எதிர்ல உட்கார்ந்தும் இந்த லட்சணம்னா, தனியா எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

நஷ்டஈட்டுல நான் ஒண்ணும் நகை வாங்கிப் போட்டுக்கல. வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்து, குளிர்ப் பெட்டியில வச்சு, மதியத்துக்குள்ள லேப்ல சேர்க்கணும். இத்தனை நாள் அவர் ஸ்கூட்டர்ல போனேன். பெட்டி குலுங்கிக் குழாய் உடைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க. ரோட்டை உடைக்கிறது ஜல்லி ஏத்திட்டுப் போற லாரி. அதைக் கேக்க ஆளில்ல, ரத்தக் குழாய் ஏத்திட்டுப் போறவளைக் கேக்க வந்துட்டீங்க. புகை வேண்டாம், மின்சார வண்டி வாங்குங்கன்னு கூவிக் கூவிச் சொன்னது யாரு? வாங்கினதும் வரியாம். கட்டினா அது ரோட்டுக்குத்தான் போகும்னு யார் சொல்றது? பெட்ரோல்ல பிடிச்ச காசுல எஞ்சினியர் ரூமுக்கு ஏசி மாட்டினாங்கன்னு போன வருஷம் என் வீட்டுல உட்கார்ந்து திட்டினது நீங்கதான்.

பெட்ரோல் வண்டி வாங்கித் தொலைச்சிருக்கலாமேன்னு வாசல்ல கேட்டீங்க. அதுக்குப் பதிலை இப்ப சொல்றேன்.

தினம் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் அவர் வாசல்ல நின்னு லாரி ஓட்டுவார். பழைய லாரி ஏத்தத்துல திணறுற சத்தம், கியர் மாத்துறது, நடுவுல க்ஹும்னு ஒரு இருமல், எல்லாம் வாயாலேயே. உங்க கேங்ல அவர் பேரே 'லாரி'தானே. சின்ன வயசுல கிளீனரா ஓடின வண்டியாம், அந்தச் சத்தத்தை மட்டும் கூட்டிட்டு வந்துட்டார். உள்ளேயிருந்து நான் "வண்டியை ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்க"ன்னு சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டார். எனக்குக் கோபம்னா வேணும்னே சொல்லாம இருப்பேன். அவரும் விடாம உறுமிக்கிட்டே நிப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தைங்க கை தட்டும்.

அவர் போனப்புறம் தெருவுல எந்த வண்டி வந்து நின்னாலும் என் வாய் அதைச் சொல்ல வந்துடுது. குப்பை வண்டி, கேஸ் வண்டி, எதிர் வீட்டுக்காரர் பைக். ஒரு நாள் கேஸ் போட வந்தவர்கிட்ட நிஜமாவே சொல்லிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துட்டு சிலிண்டரை வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம்தான் சத்தமில்லாத வண்டியா வாங்கினேன். ஆணியில வயரை மாட்டினது, அந்த ஆணி காலியா இருக்கிறதைப் பார்க்க முடியாம.

பாத்திரம் தேய்க்கிறப்ப அவர் பின்னால வந்து தோளைத் தட்டி, "நான் நிக்கிறேன், நீ வீட்டுக்குப் போ"ன்னு ஸ்பாஞ்சை வாங்கிக்குவார். கொடி கை மாத்துறப்ப நீங்க சொல்ற வார்த்தையாம். வீட்டுக்குள்ளேயே நிக்கிறவளை வீட்டுக்குப் போன்னா எங்க போறது? இப்ப பாத்திரம் நானே தேய்ச்சு முடிக்கிறேன், யாரும் மாத்தி விடறதில்ல.

கையெழுத்து வாபஸ் கிடையாது. அப்புறம், பாறை வளைவுல என்ன நடக்குது? பாதி சொல்லி மீதியை முழுங்குறது உங்களுக்குச் சின்ன வயசுப் பழக்கம்.

உங்க தங்கை


மார்ச் 15

தங்கச்சி,

வாங்க போங்கன்னு எழுதியிருக்கே. பிறந்ததுலேருந்து என்னை 'நீ'ன்னுதான் கூப்பிட்டிருக்கே. அதைப் படிச்சதும் உன் அண்ணி, மரியாதை வந்துட்டா உறவு போச்சுன்னு அர்த்தம்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. சாயங்கால லாரி விஷயம் எனக்குத் தெரியும். அதுதான் வாசல் வண்டிக்குக் காரணம்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா கத்தியிருக்க மாட்டேன்.

நீ கேட்டதால சொல்றேன். இதை உன் அண்ணிகிட்டகூட இன்னும் சொல்லல.

அவன் போய் ரெண்டு மாசம் கழிச்சு அதே வளைவுக்கு மறுபடி வேலைக்குப் போனோம். நாங்க குனிஞ்சு ஜல்லி பரப்பிட்டிருந்தோம். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய லாரி ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு. எல்லாருமே கேட்டோம். சத்தம் கேட்டா தலை நிமிராம ஓரத்துக்குப் போகணும், அதுதான் எங்க பழக்கம். போனோம். வந்தது லாரி இல்ல. நீல நிறத்துல ஒரு மின்சாரக் கார், சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போச்சு. பின்னாலேயாவது லாரி வரும்னு பார்த்துட்டு நின்னோம். வரல.

மறுநாளும் அதே லாரி சத்தம், அதே மாதிரி ஒரு கார். பெட்ரோல் வண்டி வந்தா அதோட சத்தம்தான் கேக்குது. சத்தமில்லாத வண்டி வர்றப்ப மட்டும் முன்னாடி லாரி வருது. ஒரு வாரம் கழிச்சு டீ குடிக்கிறப்ப கண்ணாடிதான் மெதுவா ஆரம்பிச்சான். "மேஸ்திரி, கியர் மாத்துறப்ப நடுவுல இருமுதே, கவனிச்சீங்களா?"ன்னான். நானும் கவனிச்சிருந்தேன்.

நிஜ லாரி எதுவும் இருமாது தங்கச்சி.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

வரி போடணும்னா கூட்டத்துல போய்க் கேளுங்க. செத்தவர் குரலைக் கூலிக்குக் கூட்டிட்டு வராதீங்க. சத்தம் தாங்காமத்தான் இந்த வண்டி வாங்கினேன்னு நான் எழுதினப்புறமும் உங்களுக்கு இப்படி எழுதக் கை வந்திருக்கு.

இனிமே எழுத வேண்டாம்.


மார்ச் 30

அண்ணா,

நீ எழுதலை. நான்தான் வேண்டாம்னு சொன்னேன், ஆனாலும் தினம் தபால் பெட்டியைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மேல் பக்கத்துல ஒரு நோயாளி வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போகணும். சுத்து வழியா போயிருக்கலாம். வேணும்னேதான் பாறை வளைவு வழியா வந்தேன். உன்னைப் பொய்யன்னு நிரூபிச்சு ஒரு கடிதம் எழுதணும்னு ஆசை.

வளைவுல திரும்புறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டேன். திரும்பினா, நீங்க அஞ்சு பேரும் ஏற்கெனவே ஓரத்துல நின்னுட்டு இருந்தீங்க. மண்வெட்டி எல்லாம் ரோட்டை விட்டு எடுத்தாச்சு. என் வண்டி சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்க வழியே இல்ல. கண்ணாடி அண்ணன் கையைத் தூக்கி, தெரிஞ்ச டிரைவருக்குச் சொல்ற மாதிரி ஒரு வணக்கம் சொன்னார். எனக்கு இல்ல. அவர் கண்ணு என் வண்டிக்கு மேல, லாரியோட முன்கண்ணாடி இருக்கிற உயரத்துல இருந்துச்சு. உன் கண்ணும் அங்கேதான். நான் உன்னை உரசுற மாதிரி பக்கத்துல போனேன், உனக்கு உன் தங்கச்சி தெரியல.

ரெண்டு பக்கமும் கார் ஜன்னலை இறக்கி விட்டுத்தான் ஓட்டினேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. குளிர்ப் பெட்டிக்குள்ள குழாய் ஒண்ணோட ஒண்ணு தட்டுற சத்தம் மட்டும்தான்.

கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டி அழுதேன். அஞ்சு பேருக்குக் கேக்குது, பொண்டாட்டிக்குக் கேக்கலைன்னா என்ன நியாயம்?


ஏப்ரல் 2

தங்கச்சி,

அன்னிக்குப் போனது நீதானா? வெள்ளையா ஒண்ணு போச்சுன்னு மட்டும்தான் தெரியும். சத்தம் வர்றப்ப கண்ணு தானா அங்க போயிடுது. போன தடவை வாசல்ல கத்தினதைவிட இது எனக்கு வெட்கமா இருக்கு.

வண்டிக்குள்ள உட்கார்ந்தவங்களுக்கு அது கேக்காதுன்னு நினைக்கிறேன். எஞ்சினியர் ஒரு நாள் அவரோட மின்சாரக் கார்ல வந்தார். எங்களுக்குக் கேட்டுச்சு, இறங்கி வந்தவர் சாதாரணமா பேசினார். ரோட்டுல நிக்கிறவனுக்குத்தான் அது. இடிபடப் போறவனுக்குத்தான்.

ஞாயித்துக்கிழமை கேங் வராது. காலையில உன் அண்ணியும் நானும் வர்றோம், நீ நடந்து வா, காரை அடிவாரத்திலேயே விட்டுடு. வளைவுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கணும். நான் எதிர்ல பார்த்துட்டு நிப்பேன், பயப்படாதே. திரும்பிப் பார்க்காதே.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

ஞாயித்துக்கிழமை நான் ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்கு வந்ததுக்கு அண்ணி தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லு. வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே தெரியல.

அது அவர்தான். ரெண்டாவது கியர்லேருந்து மூணாவதுக்குப் போறப்ப ஒரு இழுப்பு இழுப்பாரே, அது. அந்த இருமல். என் பின்கழுத்துல மூச்சு படுற தூரத்துல கேட்டுச்சு. நீ என் கையைப் பிடிச்சு இழுத்தது தெரியும். திரும்பாதேன்னு நீ சொல்லியும் திரும்பினேன். சாம்பல் நிறத்துல கார் ஒண்ணு போச்சு. ஓரத்துப் புல்லு மட்டும் கனமான லாரி போனா சாயுமே, அப்படிச் சாய்ஞ்சு எழுந்துச்சு. ஒரு கார் காத்துக்குப் புல்லு அவ்வளவு சாயாது.

ஒரு வருஷமா சத்தத்துக்குப் பயந்து ஓடினேன். இப்ப அது இல்லாம வீட்டுல இருக்க முடியல. உனக்குத் தெரியாம செவ்வாய், புதன் ரெண்டு நாளும் வேலைக்கு நடுவுல, கேங் டீக்கு இறங்கினப்புறம் அங்க போய் நின்னேன். முதுகைக் காட்டிட்டுத்தான். ரெண்டு தடவையும் வந்தார்.

அதனால சொல்றேன், கூட்டத்துக்கு வந்து எதிர்த்துப் பேசப் போறேன். சங்கச் செயலாளர், அந்தப் பல் டாக்டர், எனக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கார். வரி வந்தா காசு வரும், காசு வந்தா பாறை வளைவுக்குக் கொடி ஆள் போடுவீங்க. கொடி ஆள் நின்னா அவர் எதுக்கு வரணும்? உனக்கு மச்சான், உங்க கேங்குக்கு லாரி. எனக்கு அவர்கிட்டேயிருந்து மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான் அண்ணா. அதை எடுத்துடாதே.


ஏப்ரல் 13

என்னைப் பெத்தவ மாதிரி பிடிவாதம் பிடிச்சவளே,

உன் கடிதத்தைப் படிச்சதும் கையில இருந்த டம்ளரைக் கீழே போட்டேன். நடுரோட்டுல, வண்டி வர்ற பக்கம் முதுகைக் காட்டிட்டு, தனியா. மச்சான் இருந்திருந்தா உன்னை என்ன சொல்லியிருப்பான்னு யோசிச்சுப் பாரு.

ஒரு விஷயத்தை உன்கிட்ட மறைச்சுட்டேன். நீ அழுவேன்னுதான். இனி மறைச்சா நீ அங்கேயே செத்துடுவே.

முதல்ல எல்லாம் கார் வளைவுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே லாரி சத்தம் வரும். நிதானமா ஓரம் போவோம். இந்த ரோட்டுல அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மின்சார வண்டி வந்தா ஜாஸ்தி. இப்ப வரிசையா வருது. போன மாசத்துலேருந்து சத்தம் லேட்டாகுது. சில நேரம் ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி ரெண்டு தடவை இழுத்து, அப்புறம்தான் பிடிக்குது. இருமல் நீளமா வருது. உனக்குக் கேட்டதுதான் அவனோட நல்ல சத்தம்னு நினைக்காதே. நாங்க ஆரம்பத்துல கேட்டது வேற.

வெள்ளிக்கிழமை சத்தமும் காரும் ஒண்ணா வந்துச்சு. கண்ணாடி பாய்ஞ்சான், காரோட பக்கக் கண்ணாடி அவன் சட்டைக் கையைக் கிழிச்சுட்டுப் போச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கார் போனப்புறமும் பாறைக்குப் பின்னால யாரோ மூச்சு வாங்குற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுட்டே இருந்துச்சு. நாங்க அஞ்சு பேரும் அதைக் கேட்டுட்டு நின்னோம்.

அவனால முடியல தங்கச்சி. ஒரு தடவை அவன் சத்தம் வராம போகப் போகுது, அன்னிக்கு யார் நிப்பாங்கன்னு தெரியல. அது நீயா இருந்தா?

அவன் கொடி என் டூல் பாக்ஸ்லதான் இருக்கு. அன்னிக்கு ரோட்டுல கிடந்ததை நான்தான் பொறுக்கி உள்ள போட்டேன். துவைக்கக்கூட இல்ல. தினம் பாக்ஸைத் திறக்கிறப்ப அதைப் பார்த்துட்டு, உன்கிட்ட குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிப்பேன்.

இனிமே அங்க போகாதே. கால்ல விழுந்து கேக்கறேன்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

போகல. சத்தியமா.

உன் கடிதத்தை ரெண்டு நாளா வச்சுக்கிட்டுச் சுத்துறேன். நேத்து ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தப்ப கை அப்படியே நின்னுடுச்சு. கொடியை ரோட்டுலேருந்து பொறுக்கினேன்னு எழுதியிருக்கே.

யார் கையிலேருந்தும் வாங்கலையா?

கொடியைக் கீழே வைக்கக் கூடாதுன்னு அவர் எனக்குப் பாடமே நடத்தியிருக்கார். டீ குடிக்கப் போனாலும் சரி, வேலையே முடிஞ்சாலும் சரி, இன்னொருத்தர் வந்து தோளைத் தட்டி, கையிலேருந்து வாங்கி, "நான் நிக்கிறேன், நீ வீட்டுக்குப் போ"ன்னு சொல்ற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாதாம். ஒரு தடவை நல்ல காய்ச்சல்ல, மாத்தி விடறவர் வராம, சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்னு வீட்டுக்கு வந்து மயங்கி விழுந்தாரே, ஞாபகம் இருக்கா? நான் உன்னைத்தான் திட்டினேன்.

அன்னிக்கு அவரை யாருமே மாத்தி விடல அண்ணா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், அடக்கம் பண்ணினோம், நான் நஷ்டஈடு வாங்கினேன், நீ கொடியைப் பெட்டியில போட்டே. அந்த வார்த்தையை யாரும் சொல்லல. அந்த மனுஷன் இன்னும் டியூட்டியில நிக்கிறார். மழையில, வெயில்ல, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லாம. நான் போய் முதுகைக் காட்டி நின்னு, அவரை இன்னும் ரெண்டு தடவை கூடுதலா ஓட வச்சேன்.

கூட்டத்துல பேசத்தான் போறேன். என்ன பேசுவேன்னு பல் டாக்டருக்கு இன்னும் தெரியாது.


ஏப்ரல் 24

தங்கச்சி,

நீ பேசி முடிச்சதும் நான் வெளியே போயிட்டேன்னு கோபமா இருப்பே. கேங்குக்கு முன்னாடி மேஸ்திரி அழக் கூடாதுன்னு ஒரு இது.

கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தோம். பல் டாக்டர் உன்னை மைக்குக்குக் கூப்பிட்டப்ப கண்ணாடி என் தொடையைப் பிடிச்சு அமுக்கினான். நீ காகிதம் எதுவும் எடுக்கல. "என் வீட்டுக்காரர் பாறை வளைவுல இன்னும் வேலை பார்க்கிறார். அவரை மாத்தி விட ஆள் இல்ல. ஆள் போடுங்க, என் வண்டிக்கு என்ன வரியோ நான் கட்டறேன்"னு சொல்லிட்டு, மனுவுல உன் கையெழுத்து எந்த இடத்துல இருக்குன்னு தேடிக் கோடு போட்டு அடிச்சே. உனக்குப் பைத்தியம்னு அங்க பாதிப் பேர் நினைச்சிருப்பாங்க. எங்க அஞ்சு பேருக்கும் அப்படி நினைக்கத் தோணல.

ஒண்ணு சொல்லிடறேன். நேத்து நானே கொடியை எடுத்துட்டுப் போய், அவன் நிக்கிற இடத்துல நீட்டிப் பிடிச்சு, நான் நிக்கிறேன், நீ வீட்டுக்குப் போன்னு சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்னேன். அதுக்குள்ள தார் ஆறுது மேஸ்திரின்னு கூப்பிட்டாங்க, ஓடிட்டேன். அடுத்த கார் வந்தப்ப மறுபடி அந்த லாரி இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆச்சு. நிக்கிறேன்னு சொல்லிட்டு நிக்காம போனா அவன் எப்படிப் போவான்? உண்மையா ஒரு ஆள் வேணும்.

அண்ணன்


ஜூலை 10

தங்கச்சி,

வரி வந்தாச்சு. வண்டி கனத்தைப் பொறுத்து, வருஷத்துக்கு ஒரு தடவை. பல் டாக்டர் பேப்பர்ல அறிக்கை விட்டிருக்கார், அவர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. லாரிக்காரங்களையும் கேக்கணும்தான்.

பாறை வளைவுக்குக் கொடி ஆள் வேலை மறுபடி வந்துடுச்சு. திங்கட்கிழமை காலையில ஒரு அம்மா சேர்றாங்க. முன்னாடி பள்ளிக்கூட வாசல்ல பிள்ளைங்களை ரோடு தாண்ட வச்சவங்களாம். நல்ல கம்பீரமான ஆளு, எஞ்சினியரையே தள்ளி நில்லுங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன். "எவ்வளவு நாளா நிக்கிறார்?"னு கேட்டாங்க. சொன்னேன். "அநியாயமா இருக்கே"ன்னாங்க.

இந்த ரெண்டு மாசம் நாங்க ஆளுக்கு ஒரு மணி நேரம் வளைவைப் பார்த்துட்டு நின்னு சமாளிச்சோம். சத்தம் இப்ப ரொம்ப சன்னமா வருது. இருமல்தான் அதிகம். நீ வர்றியா? வந்து உன் கையாலேயே கொடியைக் குடுத்தா நல்லதுன்னு உன் அண்ணி சொல்றா.

அண்ணன்


ஜூலை 14, சாயங்காலம்

அண்ணா,

நான் வரலைன்னு வருத்தப்பட்டிருப்பே. வந்திருந்தா அந்த அம்மா சொல்ற வார்த்தையை நான் தடுத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

வரி நோட்டீஸ் வந்துச்சு, கட்டிட்டேன். அது எஞ்சினியர் ரூம் ஏசிக்குப் போகாம பார்த்துக்கிறது உன் பொறுப்பு. உன் நம்பரையும் திறந்து விட்டாச்சு. போன்லயே பேசலாம்தான். ஆனா இப்ப பேச முடியாது, அதனால எழுதறேன்.

இன்னிக்கு சீக்கிரமே வேலை முடிஞ்சு வந்துட்டேன். காரை நிறுத்தினேன், விளக்கைப் போட்டேன், சோபாவுல உட்கார்ந்தேன். காலையிலேயே மாத்தி விட்டிருப்பீங்கன்னு கணக்குப் போட்டு, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைங்க வெளியே விளையாடிட்டு இருந்துச்சுங்க. திடீர்னு விளையாட்டை நிறுத்திட்டுதுங்க. அப்புறம் கை தட்டுற சத்தம் கேட்டுச்சு.

தெரு முனையிலேருந்து லாரி வந்துச்சு அண்ணா. மெதுவா, அவசரமே இல்லாம, ஒவ்வொரு கியரா. எங்க வாசல்ல வந்து நின்னுடுச்சு.

அந்த அம்மா அவரை எங்க போகச் சொன்னாங்கன்னு அப்பதான் உறைச்சுது. நாம யாருமே அதை யோசிக்கல. வீட்டுக்குப் போன்னுதானே சொல்லியிருப்பாங்க.

ஜன்னல் வழியா பார்த்தேன். வாசல்ல என் கார் மட்டும்தான் நிக்குது. குழந்தைங்க அதுக்குப் பக்கத்துல வெத்து இடத்தைப் பார்த்துட்டு நிக்குதுங்க, கொஞ்சம் அண்ணாந்து. சின்னது கையாட்டுது. சுவத்துல அந்த ஆணியில மாட்டியிருக்கிற வயர் லேசா ஆடிட்டே இருக்கு, வாசல்ல எஞ்சின் ஓடினா ஆடுமே, அப்படி. நான் போய் வயரைக் கழட்டிக் கீழே வச்சுட்டேன். அவருக்குச் சட்டை மாட்ட இடம் வேணும்.

பயமா இருக்கு. சந்தோஷமாவும் இருக்கு. வாயை இறுக்கி மூடிட்டு இருக்கேன், அதனாலதான் உனக்கு போன் பண்ணல. வாயைத் திறந்தா, 'வண்டியை ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்க'ங்கிற அந்த வார்த்தை வந்துடும். சொல்லிட்டா சத்தம் நின்னுடும். நின்னப்புறம் உள்ள வர்றது யாரு, இல்ல யாருமே வராம போயிடுமான்னு எனக்குத் தெரியல. ரெண்டுல எதுக்கு அதிகமா பயப்படறேன்னும் தெரியல.

காகிதத்துல இன்னும் கொஞ்சம்தான் இடம் இருக்கு. எழுத்தைப் பொடிசாக்கி எழுதிட்டு இருக்கேன், பார்த்தியா? அண்ணியைக் கேட்டதா சொல்லு. கண்ணாடி அண்ணனுக்கு நல்ல சட்டை ஒண்ணு வாங்கிக் குடு, கை கிழிஞ்சதையே போட்டுட்டுத் திரியறார்.

இப்ப இருமறார். நீ எழுதின மாதிரி நீளமாத்தான் இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல நின்ன கால். வாசல் வரைக்கும் வந்துட்டு, நான் சொல்றதுக்காக நிக்கிறார். எனக்குக் கோபமோன்னு நினைச்சுக்கப் போறார்.

கதவுத் தாழ்ப்பாளை எடுத்துட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இடம் முடிஞ்சுது. பேனாவை வச்சுட்டு, அவரை உள்ள கூப்பிடறேன்.